கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்? அம்மாவின் வீட்டு வாசலிலிருந்து எத்தனை மணித்தியாலம்?

உப்புவெளி மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 69 வயது. உப்புவெளியை விட்டு அவர் ஆகக் கூடிய தூரம் போனது கதிர்காமத்துக்குத்தான். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவுக்குத் தை மாதக் கடைசியில் குழந்தை பிறக்க இருப்பதால், பொங்கல் முடிந்த கையோடு அம்மா தனியாக ரொறன்ரோவுக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. விசா கிடைத்துவிட்டது. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் தூரத்தையும் நேரத்தையும் சரியாக விளங்கிக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் பார்க்கும் இடமெல்லாம் கணக்கு வேறு வேறாக இருக்கிறது.

கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே சுமார் 14,000 கிலோமீற்றர் என்று ஓர் இணையத்தளம் சொல்கிறது. பயண முகவர் காட்டிய இரண்டு வழிகளையும் நான் கூட்டிப் பார்த்தபோது டுபாய் வழியாக 14,370, இலண்டன் வழியாக 14,420 என்று வந்தது. இலண்டன் எங்கோ வடமேற்கில் இருக்க, டுபாய் நமக்குப் பக்கத்தில் இருக்க, இரண்டு வழிகளும் எப்படி ஏறக்குறைய ஒரே தூரமாகின்றன என்பது எனக்குப் புரியவில்லை.

நேரம் இன்னும் குழப்பமாக இருக்கிறது. டுபாய் வழிச் சீட்டில் கட்டுநாயக்கவிலிருந்து அதிகாலை 3.00 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் பிற்பகல் 4.00 மணிக்கு ரொறன்ரோவில் இறங்குவதாக எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த அம்மா, "விடியப்புறம் ஏறி அண்டைக்குப் பின்னேரமே இறங்கிறதெண்டால் பதின்மூன்று மணித்தியாலம்தானே, அதை நான் சமாளிப்பன்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அக்காவோ முழுதாக ஒரு நாள் ஆகும் என்கிறார். இலண்டன் வழிச் சீட்டில் கட்டுநாயக்கவிலிருந்து பிற்பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் பிற்பகல் 1.45க்கு ரொறன்ரோவை அடையலாம். அது கொஞ்சம் மலிவு. எதை நம்பி, எதைத் தெரிவு செய்வது என்று அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், பாலையூற்று:

மகள், உங்கள் முதற் கேள்விக்கு விடை காண ஓர் உலக உருண்டையும் பூக்கட்டும் நூலும் போதும். என்னிடமுள்ள உருண்டை 30 சென்றிமீற்றர் விட்டமுடையது. அதில் ஒரு சென்றிமீற்றர் என்பது நிலத்தில் சுமார் 425 கிலோமீற்றர். நூலின் ஒரு நுனியைக் கட்டுநாயக்கவிலும் மறு நுனியை ரொறன்ரோவிலும் பிடித்து, தொய்வில்லாமல் இழுத்தேன். நூல் மேற்கு நோக்கிப் போகவில்லை, ஏறக்குறைய நேர் வடக்கே போனது. இந்தியாவைக் கடந்து, காபூலுக்கு அருகே, கசகஸ்தான், ரஷ்யா வழியாக ஏறி, நோர்வேயின் வட நுனியைத் தொட்டு, கிரீன்லாந்தின் மேலாக வளைந்து, கியூபெக் மாகாணத்தினூடாக ரொறன்ரோவில் இறங்கியது. அளந்தால் 33 சென்றிமீற்றருக்குச் சற்றே குறைவு; பெருக்கிப் பாருங்கள், 14,000 கிலோமீற்றர் வரும். உருண்டையில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை இதுதான். இதைப் பெருவட்டப் பாதை என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்போம்.

இது நமக்கு வியப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான படம். மேர்க்காற்றர் 1569இல் வரைந்த முறையில் அமைந்த அந்தப் படம், கப்பலோட்டிகள் ஒரே திசைகாட்டிக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு போவதற்காக உருவானது. அதில் துருவத்தை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப் பெருக்கும். ஆபிரிக்கா கிரீன்லாந்தைப் போல் 14 மடங்கு பெரிது என்றாலும், அந்தப் படத்தில் இரண்டும் சமமாகத் தெரியும். அதே படத்தில் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, அந்தக் கோட்டின் வழியே பறந்தால் 16,100 கிலோமீற்றருக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும்; நேராகத் தெரியும் அந்தக் கோடு உண்மையில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட சுற்று வழி.

இப்போது உங்கள் டுபாயையும் இலண்டனையும் உருண்டையில் பாருங்கள். நூல் போகும் வழிக்கு இரண்டுமே மேற்குப் பக்கத்தில், அதிகம் விலகாமல் இருக்கின்றன. கொழும்பிலிருந்து டுபாய் சுமார் 3,290, அங்கிருந்து ரொறன்ரோ சுமார் 11,080. கொழும்பிலிருந்து இலண்டன் சுமார் 8,710, அங்கிருந்து ரொறன்ரோ சுமார் 5,710. ஒன்று தொடக்கத்திலேயே இறங்கி ஏறுகிறது, மற்றது பாதிக்கு மேல் போய் இறங்கி ஏறுகிறது. மொத்தத்தில் வித்தியாசம் 50 கிலோமீற்றர், அதாவது உப்புவெளியிலிருந்து கந்தளாய்க்குப் போகும் தூரமளவுதான். டுபாய் வழி நேர்ப் பாதையை விட 370 கிலோமீற்றர் கூட என்றாலும், மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் அது 25 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே இந்தப் பயணத்தில் தூரத்தை வைத்து வழியைத் தெரிவு செய்ய வேண்டாம்.

இணையத்தளங்களில் காணப்படும் பத்து, இருபது கிலோமீற்றர் வேறுபாட்டைப் பொருட்படுத்தவும் வேண்டாம். பூமி சரியான உருண்டை அன்று. மத்திய கோட்டில் ஆரை 6,378 கிலோமீற்றர், துருவத்தில் 6,357. எந்த ஆரையைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதிலேயே அந்த வேறுபாடு வந்துவிடும்.

கின்னியாக்காரன், வளைகுடாவிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் சகோதரி. நான் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பதினொரு வருடங்களாகத் தரைப் பணியில் இருக்கிறேன். ஆசிரியர் ஐயா தூரத்தைத் தீர்த்து வைத்துவிட்டார். நேரத்தை நான் சொல்கிறேன்.

பயணச்சீட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். அதனால் இரண்டு ஊர் நேரங்களை நேரடியாகக் கழிக்கக் கூடாது. முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருக்கிறது, ரொறன்ரோ குளிர்காலத்தில் ஐந்து மணித்தியாலம் பின்னே இருக்கிறது. இடைவெளி பத்தரை மணித்தியாலம். ரொறன்ரோவில் பிற்பகல் 4.00 மணி என்றால் உப்புவெளியில் மறுநாள் அதிகாலை 2.30. அம்மா அதிகாலை 3.00 மணிக்கு ஏறி மறுநாள் அதிகாலை 2.30க்கு இறங்குகிறார், ஆக 23 மணித்தியாலம் 30 நிமிடம். அக்கா சொன்னதுதான் சரி.

அந்த இருபத்து மூன்றரை மணித்தியாலத்தைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கு 4.40 (4 மணித்தியாலம் 40 நிமிடம்), டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14.10, ஆக விமானத்துக்குள் 18 மணித்தியாலம் 50 நிமிடம், மீதி 4.40 டுபாயில் காத்திருப்பு. இலண்டன் வழியில் முதற் பறப்பு 11.15, இரண்டாவது 8.00, ஆக 19.15. இரண்டுக்கும் 25 நிமிடம்தான் வித்தியாசம். ஆனால் நீங்கள் எழுதிய நேரங்களின்படி இலண்டன் வழியில் மொத்தம் 35 மணித்தியாலம் 15 நிமிடம் ஆகிறது, அதாவது அம்மா இலண்டனில் 16 மணித்தியாலம், ஓர் இரவு முழுவதும், கதிரையில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டு மலிவாக இருப்பதன் காரணம் அதுவே. 69 வயதில், முதற் பயணத்தில், தனியாக இருக்கும் ஒருவருக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதேபோல் காத்திருப்பு மிகக் குறைவாக இருப்பதும் ஆபத்து. மூன்று வருடங்களுக்கு முன்னர் என் சொந்த மாமிக்கு நானே ஒரு மணித்தியாலம் பத்து நிமிட இடைவெளியுள்ள சீட்டை எடுத்துக் கொடுத்தேன், சட்டப்படி அது போதும் என்ற எண்ணத்தில். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதித்தது. மாமி இரண்டாவது விமானத்தின் வாயிலை அடைந்தபோது கதவு மூடியாயிற்று. அடுத்த விமானம் மறுநாள்தான். அவர் அந்த இரவை, கையில் இருந்த பேரீச்சம்பழத்தோடும் தஸ்பீஹ் மணியோடும், மொழி தெரியாத இடத்தில் கழித்தார். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தது நான் என்பதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. வயதானவருக்கு மூன்று முதல் ஐந்து மணித்தியால இடைவெளியே பொருத்தம். உங்கள் டுபாய்ச் சீட்டு அதற்குள் இருக்கிறது.

இரண்டு பறப்பும் ஒரே பயணச்சீட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்க வேண்டும் என்பதையும் முகவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அப்போதுதான் முதல் விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும், பெட்டிகளும் நேரே ரொறன்ரோவுக்குப் போகும். சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதியச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமே அது என்று நம்மவர்கள் நினைத்துத் தயங்குகிறார்கள். பெரிய விமான நிலையத்தில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடக்கும் தூரமும் வாசிக்க வேண்டிய பலகைகளும் அம்மாவை வதைக்காமல் இருக்க அதுவே வழி.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். சித்திரையில் வருவதாக இருந்தால் கனடாவில் கோடைகால நேரம் தொடங்கியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், ஆகவே இடைவெளி ஒன்பதரை மணித்தியாலமாகக் குறையும். உதாரணமாக, வெள்ளி இரவு 10.00 மணிக்கு ரொறன்ரோவில் ஏறி ஞாயிறு காலை 6.00 மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்குவதாகச் சீட்டில் இருக்கும். பார்ப்பதற்கு 32 மணித்தியாலம், உண்மையில் 22.30. தவிர, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்றோடை திரும்பும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுவதால், டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணித்தியாலம் எடுக்கும் அதே தூரம் திரும்பும்போது பதின்மூன்றுக்குள் முடிந்துவிடுவது வழக்கம். இன்னொன்று, டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு ஆசிரியரைப் போல நூல் பிடித்தால் அது உக்ரைனுக்கு மேலாகப் போகும். 2022 பெப்ரவரியிலிருந்து அந்த வான்வெளி மூடியிருப்பதால் விமானங்கள் ஒதுங்கிப் பறக்கின்றன. பறக்கும் தூரம் படத்திலுள்ள தூரத்தை விடச் சற்றுக் கூடுவது இதனால்தான்.

உப்புவெளி மகள்:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. இலண்டன் சீட்டை விட்டுவிட்டேன். ஒரு விடயத்தை முதலிலேயே எழுத மறந்துவிட்டேன்: அம்மா காலையும் இரவும் இன்சுலின் ஊசி போடுகிறார். பத்தரை மணித்தியாலம் நீண்டுபோன ஒரு நாளில் "இரவு" எப்போது வரும்? அத்துடன் உப்புவெளியிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

தாதி உத்தியோகத்தர், திருகோணமலை:

தங்கை, ஊசியின் அளவையும் நேரத்தையும் அம்மாவைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மேற்கே போகும்போது நாள் நீளுவதால் அளவை மாற்ற வேண்டி வரலாம். அவரிடம் போகும்போது பயணச்சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், ஏறும் நேரம், இறங்கும் நேரம், விமானத்தில் சாப்பாடு தரக்கூடிய நேரம் எல்லாவற்றையும் இலங்கை நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்படி எழுதிக் கொண்டுவருபவர்களுக்கு வைத்தியர் இரண்டு நிமிடத்தில் தெளிவாகக் குறித்துக் கொடுப்பதை நான் சிகிச்சை நிலையத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். ரொறன்ரோவில் இறங்கும்வரை அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றவே வேண்டாம்.

இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறைக்குள் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்துபோகக்கூடும், உறைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது; பெட்டி தவறினால் மருந்தும் தவறிவிடும். வைத்தியரின் ஆங்கிலக் கடிதம் ஒன்றும், பசித்தால் உடனே சாப்பிட பிஸ்கட்டும் குளுக்கோசும் கூடவே இருக்கட்டும்.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் கூறியது. ஆரோக்கியமானவர்களில் அது ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே, ஆகையால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதினான்கு மணித்தியாலப் பறப்பில் நடைபாதைப் பக்க இருக்கையைக் கேட்டு வாங்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். நம் அம்மாமார் கழிப்பறைக்கு எழும்ப வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். அதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும், அதாவது நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட நிலை. இருதய நோயோ மூச்சு நோயோ இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

வான் ஓட்டுநர், ஆண்டாங்குளம்:

நான் கிழமைக்கு இரண்டு முறையாவது கட்டுநாயக்கவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 240 கிலோமீற்றர். ஐந்து மணித்தியாலத்தில் போகலாம், ஆனால் தை மாதத்தில் ஆறு என்று கணக்கு வையுங்கள்: வாடைக்கால மழை விட்டிருக்காது, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டால் யானைகள் வீதிக்கு வரும். யானை நின்றால் விளக்கைத் தணித்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பகுதியை வெளிச்சத்திலேயே கடக்க வேண்டுமென்றால் மாலை 4.00 மணிக்கு உப்புவெளியை விட்டு வெளிக்கிட வேண்டும். இரவு 10.00 மணியளவில் விமான நிலையத்தை அடையலாம், 3.00 மணி விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னர் நிற்க வேண்டும் என்பார்கள், மீதி இரண்டு மணித்தியாலம் சாப்பிடவும் தாமதத்துக்கும். தம்புள்ளையில் நிறுத்தினால் அம்மா முகம் கழுவி ஒரு தேநீர் குடிக்கலாம்.

ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், பாலையூற்று:

தம்பி சொன்னதையும் சேர்த்துக் கூட்டினேன். மாலை 4.00 மணியிலிருந்து விமானம் ஏறும்வரை 11 மணித்தியாலம், பயணம் 23.30, ரொறன்ரோவில் குடிவரவு, பெட்டி, ஸ்காபரோ வீடு என 2.30; வாசலிலிருந்து வாசலுக்கு 37 மணித்தியாலம். அதில் சரிபாதிதான் ஆகாயத்தில்.

நேரடி விமானம் ஏன் இல்லை என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. விமானத்தால் முடியாதது அன்று. அவுஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு 14,499 கிலோமீற்றரை 2018 மார்ச்சிலிருந்து இடைநில்லாமல் பறக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல், பதினெட்டரை மணித்தியாலத்துக்கும் அதிகம். அவ்வளவு எரிபொருளைச் சுமந்து பறக்கும் விமானத்தை நாள்தோறும் நிரப்பக் கூடிய கட்டணப் பயணிகள் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் வேண்டும் என்பதே தடை.

37 மணித்தியாலம் என்றதும் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரி நினைவுக்கு வந்தது. 1943 முதல் 1945 வரை, ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து வான்வழியைத் துண்டித்திருந்த காலத்தில், பேர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து கற்றலினா என்ற நீர்விமானங்கள் கொக்கலைக்குப் பறந்தன. நேர்த் தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். எடுத்த நேரம் 27 முதல் 33 மணித்தியாலம். வானொலியை மூடிவிட்டு நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள், கொண்டுபோனது மூன்று பயணிகளைத்தான். ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டதால் அவர்களுக்கு அதைக் குறிப்பிட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். உங்கள் அம்மா கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்தில் பெருவட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடக்கப் போகிறார். அவரிடம் சொல்லுங்கள்.

உப்புவெளி மகள்:

சொன்னேன், ஐயா. நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உலக உருண்டையை வாங்கி, சாமியறையிலிருந்த பூ நூலை அம்மாவின் கையில் கொடுத்தேன். காபூல், நோர்வே என்று நான் வாசிக்க வாசிக்க அவர் விரலால் தொட்டுக்கொண்டே போனார், கிரீன்லாந்துக்கு வந்ததும், "இதுக்கு மேலால போகேக்க என்ன நேரமாயிருக்கும், ஊசி போட்டிருப்பனோ?" என்று கேட்டார். டுபாய் வழியில் போனால் அந்த இடத்தை இன்னும் தெற்கே கடப்பார் என்பதையும், அப்போது உப்புவெளியில் இரவு பத்து, பதினொரு மணி இருக்கும் என்பதையும் இருவருமாகக் கணக்கிட்டோம்.

டுபாய்ச் சீட்டுக்கு இன்று பணம் கட்டியாயிற்று. இரண்டு பறப்பும் ஒரே பதிவு எண், சக்கர நாற்காலி பதிந்தாயிற்று, முதற் பறப்பிலும் இரண்டாவதிலும் நடைபாதைப் பக்க இருக்கை. செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் போகிறோம். இலங்கை நேரத்துக்கு மாற்றிய தாளை அம்மாவே தன் கையெழுத்தில், பெரிய எழுத்தாக, எழுதிக்கொண்டிருக்கிறார்.